வெறும் பாத்தி

உரச்சாக்கைக் கழுவாமல் மடித்து வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. வயலுக்கு உரம் போட்டு முடிந்த அன்றே மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் நீலப் பீப்பாயில் தண்ணீரை நிரப்பி, காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாக முக்கி, மூலைகளில் கட்டிதட்டிப் போயிருக்கும் யூரியாவைக் கட்டைவிரலால் நெருடிக் கரைத்து, வேலிக் கம்பியில் வரிசையாகக் காயப் போட்டால்தான் வீட்டுக்காரருக்கு அன்றைய வேலை முடிந்ததாக அர்த்தம். கழுவிய தண்ணீரையும் கீழே கொட்ட மாட்டார். பக்கத்தில் எந்தப் பயிர் நிற்கிறதோ அதன் காலில் ஊற்றுவார். கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. வந்தவர்களுக்கு வயிறு நிறையப் போட்டு அனுப்புகிற மனிதர். ஆனால் ஒரு பொருள் அவர் கைக்கு வந்துவிட்டால் அது தேய்ந்து தீர்கிற வரை அதை விடமாட்டார். அவர் சட்டையின் பொத்தான்கள் சட்டையைவிட வயதில் மூத்தவை.

அவர் பெண்சாதிக்கு அக்கம்பக்கத்தில் விதைக்காரி என்று பேர். அந்தப் பேர் வந்த கதை சின்னதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பருவத்தில் சோயாவுக்கு உரம் இறைத்துக்கொண்டு போனபோது, வயலின் கடைசி மூலைக்கு வருவதற்குள் சாக்கு காலியாகிவிட்டது. மூலைதானே என்று விட்டுவிட்டார்கள். அறுவடைக்குப் போனவள் அந்த மூலையில் மூன்றே மூன்று செடி, மற்ற செடிகளைவிடக் குட்டையாக, ஆனால் காய் தாங்காமல் நிற்பதைப் பார்த்தாள். பக்கத்துச் செடிகள் சோப்ளாங்கியாக நின்றன. மூன்றையும் தனியாகப் பிடுங்கி, தனியாக உதிர்த்து, ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைத்தாள். அடுத்த வருஷம் அதே மூலையில், அதே மாதிரி உரமில்லாமல் விதைத்தாள். அதில் நல்லதை எடுத்தாள். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. டப்பா வாளியாகி, வாளி மூட்டையாயிற்று. அந்த விதைக்கு அவள் வைத்த பேர் 'மூலை'. இவ்வளவு நாளைக்குப் பிறகும் அந்த மூலையில் ஒரு வரிசையை ஒரு சிட்டிகை உரம்கூடக் காட்டாமல் விதைத்து வைப்பாள். விதை தன் குணத்தை மறந்துவிடக் கூடாது என்பாள்.

விதைப் பண்ணையில் இருந்து டேப் மேடம் வந்தது பதினோராவது வருஷத்தில்தான். அந்த அதிகாரிக்கு நாத்தனார் வைத்த பேர் அது. எப்போது பார்த்தாலும் கையில் அளவு டேப்போடு வருகிற பெண்ணுக்கு வேறென்ன பேர் வைக்கிறது? நாத்தனார் என்பவள் வீட்டுக்காரரின் தங்கை. அடுத்த வீட்டில் இருக்கிறாள், இவர்கள் வயலிலேயே வேலை செய்கிறாள், வாய்க்குப் பூட்டுச் சாவி கிடையாது.

டேப் மேடம் வயலை அளந்து முப்பத்தாறு பாத்தி பிரித்தார். நான்கு ரகம்: பண்ணையின் ரகங்கள் மூன்று, நாலாவது மூலை. ஒவ்வொரு ரகத்துக்கும் மூன்று அளவு: முழு உரம், பாதி உரம், உரமே இல்லாத வெறும் பாத்தி. அதையே மூன்று தடவை, வயலின் மூன்று பக்கத்திலும், சீட்டுக் கலைத்த மாதிரி இடம் மாற்றி மாற்றி.

"ஏன் மேடம், ஒரே ரகத்த ஒரே இடத்துல போட்டா பாக்க லேசா இருக்குமே?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"மண்ணு ஒரு பக்கம் கொழுப்பா இருக்கும், ஒரு பக்கம் இளைச்சிருக்கும். ஒரு ரகம் மட்டும் நல்ல இடத்துல உக்காந்துட்டா அது அநியாயம் இல்லையாண்ணே?"

"அது சரி," என்றார். அநியாயம் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

பொட்டலம் கட்டி வந்த உரத்தைத் தவிர வேறெதுவும் அந்தப் பாத்திகளில் விழக்கூடாது என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. விதைக்காரி கையெழுத்துப் போட்டாள். டேப் மேடம் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா, ஒரே பருவம்தான். இதுல உங்க ரகம் நின்னுடுச்சுன்னா பண்ணைப் பட்டியல்ல ஏறும், மத்தவங்களும் விதைப்பாங்க. தள்ளிட்டாங்கன்னா மறுபடி எடுக்க அஞ்சு வருஷமாவது ஆகும். அதுவும் நிச்சயம் இல்ல."

"முழு உரத்துல அது ஜெயிக்காது மேடம். கொழுப்பேறி சாயும். அது எனக்கே தெரியும்."

"தெரியும். நான் பாக்கப் போறது வெறும் பாத்தியத்தான். உரம் வாங்க முடியாதவங்க எத்தனை பேரு இருக்காங்க. அவங்களுக்குன்னு ஒரு ரகம் எங்ககிட்ட இல்ல."

அன்று முழுக்க விதைக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வேகவைத்த சோயாக் காயை உப்புப் போட்டுப் பிசறித் தட்டில் வைத்தபோது, நாத்தனார், "அண்ணி, உப்பு ரெண்டு தடவை போட்டுட்டீங்க. பட்டியல்ல ஏறுறதுக்கு முன்னாடியே இப்படின்னா, ஏறினா எங்களுக்குச் சோறு கிடைக்குமா?" என்றாள்.

விதைத்து இருபத்தைந்தாம் நாள் வெறும் பாத்திகள் வெளிறத் தொடங்கின. சோயாவின் சுபாவம் அது. விதைக்குள் இருந்த சத்து தீர்ந்துபோகும். தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் வேர்முடிச்சு அப்போதுதான் கட்டத் தொடங்கியிருக்கும். நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் செடிக்குப் பஞ்சம். பொறுத்தால் முடிச்சு பிடித்துக்கொள்ளும், தானே பச்சையாகும். அந்த நேரத்தில் யூரியாவைக் காட்டினால் வேர் சோம்பேறியாகிவிடும். கைக்குச் சோறு வரும்போது எவன் அடுப்பு மூட்டுவான்? இது விதைக்காரிக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கும் அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். தெரிந்திருப்பது வேறு, தினமும் அந்த வழியாக நடந்து பார்ப்பது வேறு.

அதோடு மூலை ரகத்தின் பாத்திகள்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வெளிறின. அதில் ஒன்று சாலையோரம் இருந்தது. எதிர் வயல் மக்காச்சோளக்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னப்பா, பயிருக்குக் காமாலையா?"

"பரிசோதனை," என்றார் வீட்டுக்காரர்.

"யாரப் பரிசோதிக்கிறாங்க? உன்னையா?"

மக்காச்சோளக்காரர் தன் வயலுக்கு எதையும் நேரத்துக்குச் செய்கிறவர் இல்லை. உரம் போட மறந்துவிட்டு மழை வந்தால் மழை போட்டுவிட்டது என்பவர். அவர் வாயால் இதைக் கேட்க வேண்டியிருந்தது வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கையை நிறுத்தினார்.

"நெசமாவே அது பொழைச்சுக்குமா?"

"எது?"

"உன் பயிரு. மத்த மூணும் அவ்வளவு மோசமா இல்லையே. இது மட்டும் ஏன் இப்படி?"

"இது சீக்கிரமா வேருக்கு எறங்குது. மேல பாக்காதீங்க. கீழ வேல நடக்குது."

"கீழ நடக்கறது யாரு கண்ணுக்குத் தெரியுது?"

"தெரியாதுதான். சாப்பிடுங்க."

அந்த வாரம் பக்கத்துத் துண்டில் நின்ற தங்கள் சோளத்துக்கு யூரியா போட்டார்கள். விதைக்காரி தூரத்து வயலில் மூன்று நாள் களை எடுக்கப் போனாள். வேலிக் கம்பியில் பதினெட்டுச் சாக்கு காய்ந்தது. அவள் திரும்பி வந்த மறு வாரம் நல்ல மழை. மழை விட்டதும் மூலையின் வெறும் பாத்திகள் மூன்றும் பச்சை பிடித்தன. சும்மா பச்சை இல்லை, கரும்பச்சை. மற்ற ரகங்களின் வெறும் பாத்திகள் இன்னும் சோகை பிடித்த மாதிரி இருக்க, இவை மட்டும் மளமளவென்று தழைத்துக்கொண்டு நின்றன.

இவ்வளவு சீக்கிரம் ஆகாதே என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பதினோரு வருஷம் ஒன்றுக்காகக் காத்திருந்தவளுக்கு அது கண்ணெதிரே நடக்கும்போது சந்தேகப்பட மனசு வருமா? மழைத் தண்ணீரிலும் கொஞ்சம் சத்து உண்டு என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்காரரிடம், "பாத்தீங்களா?" என்றாள். அவர், "ம்," என்றார். வழக்கமாக அவர் இன்னும் நாலு வார்த்தை பேசுவார். அதை அவள் கவனிக்கவில்லை.

பூப்பூத்த சமயத்தில் டேப் மேடம் வேர் பார்க்க வந்தார். ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து செடி. மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி முடிச்சை எண்ண வேண்டும். ஒன்றிரண்டை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவந்திருந்தால் வேலை செய்கிறது. வெளுத்திருந்தால் செத்த முடிச்சு. விதைக்காரி அலசினாள், நாத்தனார் எண்ணினாள், மேடம் எழுதினார்.

முழு உரப் பாத்திகளில் எல்லா ரகத்துக்கும் முடிச்சு குறைவு. அது எதிர்பார்த்ததுதான். பண்ணை ரகங்களின் வெறும் பாத்திகளில் செடிக்கு நாற்பது, ஐம்பது. பிறகு மூலையின் வெறும் பாத்தி. விதைக்காரி முதல் செடியை அலசித் தூக்கினாள். வேர் சவரம் செய்த முகம் போல மொழுமொழுவென்று இருந்தது. மண்தான் ஒட்டிக்கொண்டு மறைக்கிறதோ என்று இன்னொரு முறை அலசினாள்.

"மூணு," என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது. அடுத்த செடி நாலு. அடுத்தது ஒன்று. மூன்று பாத்தியிலும் அதே கதை.

டேப் மேடம் ஒரு முடிச்சைக் கீறினார். வெளுத்திருந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அக்கா, இதுல ஏதாவது விழுந்துச்சா?"

"இல்ல மேடம். ஒரு பிடிகூட விழல. கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

"அப்ப இந்த ரகத்துக்கு முடிச்சு கட்டற குணமே இல்லன்னுதான் எழுதணும். முழு உரத்துல சாயுது. உரமில்லாம முடிச்சும் இல்ல. பச்சையா இருக்கறது இந்த மண்ணோட பழைய சத்துல இருக்கும்." அவருக்கும் வருத்தம்தான். "நான் வேற மாதிரி எதிர்பார்த்தேங்க்கா."

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பது போலாயிற்று. மேடத்தின் ஜீப் போன பிறகு விதைக்காரி நேராக வயலின் கடைசி மூலைக்கு நடந்தாள். உரம் காட்டாமல் வைத்திருந்த அந்த ஒற்றை வரிசையில் ஒரு செடியைக் கையாலேயே தோண்டினாள். அலசக்கூட வேண்டியிருக்கவில்லை. வேர் முழுக்க மிளகை ஒட்டி வைத்த மாதிரி முடிச்சு. நகத்தால் கீறினாள். கல்லில் மோதிய கால்விரல் போல அத்தனை சிவப்பு.

விதையில் குற்றமில்லை. அப்படியானால் பாத்தியில் ஏதோ விழுந்திருக்கிறது. அவள் அங்கேயே நின்று யோசித்தாள். மூன்று பாத்தி, மூன்று பக்கம். பிறகு திரும்பி மோட்டார் அறைப் பக்கம் பார்த்தாள். வேலிக் கம்பியில் சாக்குகள் ஆடிக்கொண்டிருந்தன.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது தட்டு வைத்திருந்தது. பக்கத்தில் அந்த இரண்டு செடிகளும், வேரோடு, ஒரு பழைய செய்தித்தாளில் கிடந்தன. நாத்தனார் வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது மூலை வரிசை. இது வெறும் பாத்தி," என்றாள் விதைக்காரி. "என்ன போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலியே."

"சாக்குக் கழுவின தண்ணிய எங்க ஊத்தினீங்க?"

அவர் தட்டைப் பார்த்தார். "கழுவின தண்ணி ஒரு உரமா? எங்கயாவது ஊத்தித்தானே ஆகணும். பக்கத்துல இருந்துச்சு, ஊத்தினேன்."

"பீப்பா மோட்டார் ரூம் பக்கத்துல இருக்கு. ஒரு பாத்தி ரோட்டோரம். ஒரு பாத்தி நடுவுல. இன்னொண்ணு அந்தக் கோடி. வழியில மத்த ரகத்தோட வெறும் பாத்தி ஆறு இருக்கு. அதுல ஒரு சொட்டுக்கூடச் சிந்தாம குடத்தத் தூக்கிட்டு நடந்திருக்கீங்க."

"அண்ணே, பதினெட்டுச் சாக்கு," என்றாள் நாத்தனார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தண்ணி பால் மாதிரி இருந்துச்சு. நான் பாத்தேன். எத்தனை குடம்னுதான் எண்ணல."

"நீ பாத்துட்டு ஏன் சொல்லல?" என்று விதைக்காரி அவள் பக்கம் திரும்பினாள்.

"சோளத்துக்குத் தூக்கிட்டுப் போறாருன்னு நெனச்சேன் அண்ணி. எங்க அண்ணன் திருடத் தெரிஞ்ச ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"திருட்டா? நான் எதத் திருடினேன்?" அவர் முகம் கறுத்தது. பிறகு அவர் தணிந்த குரலில், "எல்லாப் பயிரும் ஒரு மாதிரி நிக்க, உன்னுது மட்டும் செத்த சவமாட்டம் நின்னுச்சு. போறவன் வர்றவன் எல்லாம் கேக்கறான். உன் பேரு கெட்டுப் போயிடுமேன்னுதான். எனக்காகவா செஞ்சேன்?" என்றார்.

"எனக்காகத்தான் செஞ்சீங்க. அது தெரியும்."

"அப்புறம் என்ன?"

"பதினோரு வருஷமா எம் பக்கத்துல நின்னு, இது உரமில்லாம வளரும்னு ஊருக்கெல்லாம் நீங்கதான் சொன்னீங்க. மக்காச்சோளக்காரர்கிட்ட சொன்னீங்க, பஸ்ல வர்றவங்ககிட்ட சொன்னீங்க. சொன்ன உங்களுக்கே நம்பிக்கை இல்ல." அவள் குரல் உயரவில்லை. "மத்தவங்க நம்பலன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க நம்பலைங்கறதுதான்."

அவர் சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்தார்.

காலையில் அவள் பண்ணைக்குக் கிளம்பியபோது, கூப்பிடாமலேயே அவரும் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். பண்ணையின் அறை நீளமானது. சுவரோரம் தட்டுத் தட்டாகத் துணிப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஜன்னல் பக்கம் தராசு. டேப் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

விதைக்காரி மூலை வரிசைச் செடியை மேசைமேல் வைத்தாள்.

"மேடம், நான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். பாத்தியில உரம் விழுந்திருக்கு. எங்க வீட்ல..."

"எங்க வீட்ல இல்ல மேடம்," என்று அவர் குறுக்கே பேசினார். வாசலை விட்டு உள்ளே வராமல் நின்றிருந்தார். "நான். சாக்குக் கழுவின தண்ணி. அவளுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா என் கைய முறிச்சிருப்பா."

டேப் மேடம் வேரைப் புரட்டிப் பார்த்தார். ஒரு முடிச்சைக் கீறினார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணே, இந்த முடிச்சு எனக்கு அந்தப் பாத்தியில கிடைச்சிருந்தா, இன்னைக்கு உங்க வீட்டு ரகம்தான் முதல்ல நின்னிருக்கும்."

அவர் சுவரில் இருந்த பைகளை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் தாளை எடுத்து மூன்று கட்டங்களில் கோடு அடித்தார். முடிச்சு கட்டாத ரகம் என்று எழுதியிருந்ததையும் அடித்தார். அது ஒன்றுதான் நல்லது. அந்தப் பருவத்துக்கு மூலைக்கு முடிவு எழுத முடியாது, பட்டியலிலும் ஏற்ற முடியாது. "தள்ளினதாப் போகாது. கெட்டுப்போன சோதனைன்னு போகும். அதனால அடுத்த பருவமே மறுபடி போடலாம். ஆனா உங்க நிலத்துல முடியாதுக்கா. ஒரு தடவை கை பட்ட நிலத்துல போடக் கூடாதுன்னு விதி. எதிர்ல ஒருத்தர் மக்காச்சோளம் போடுறாரே, அவர் எப்படி?"

விதைக்காரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். "அவரு எதையும் போட மாட்டாரு மேடம். அந்த நம்பிக்கை எனக்கு உண்டு."

அப்படித்தான் அடுத்த பருவத்தில் மூலை எதிர் வயலுக்குப் போயிற்று. மக்காச்சோளக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. "உங்க வீட்டுப் பொண்ண எங்க வீட்டுக்கு அனுப்பற மாதிரி இருக்கு. பட்டினி போட்டு வளக்கணும், அவ்வளவுதானே? எனக்குக் கைவந்த கலை," என்றார். அந்த வேலியைத் தாண்டி இவர்கள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதையும் அவரே நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். அறுவடை வரைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

தங்கள் வயலில் விதைக்கிற நாளில் அவர் வண்டியை ஓட்டி வந்தார். வண்டியில் விதை மட்டும்தான் இருந்தது. அத்தனையும் மூலை.

"உரம் எங்க?" என்றாள்.

"வாங்கல."

"ரெண்டு ஏக்கருக்குமா?"

"ரெண்டு ஏக்கருக்கும். மணிச்சத்து மண்ணுல போன பருவத்துது கிடக்குதுன்னு டேப் மேடமே சொல்லிச்சு. தழைச்சத்த அது தேடிக்கும்னு நீ சொன்னே."

"வருஷச் சாப்பாடுங்க இது. ஒரு மூலையில பாக்கறது வேற. யாரக் கேட்டு இப்படி முடிவு பண்ணீங்க?"

"உன்னைத்தான். பதினோரு வருஷமா சொல்லிட்டு இருக்கியே."

இப்போது சந்தேகம் அவள் பக்கம் வந்துவிட்டது. ஒரு பாதிக்காவது உரம் போடலாம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு விதைக்கூடையை எடுத்துக்கொண்டாள்.

இருபத்தைந்தாம் நாள் இரண்டு ஏக்கரும் வெளிறின. இந்தத் தடவை சாலையோரத்துப் பாத்தி மட்டும் இல்லை, கண்ணுக்கெட்டிய வரை வெளுப்பு. மக்காச்சோளக்காரர் சைக்கிளில் போனார், நிறுத்தினார், ஒன்றும் கேட்காமல் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவர் கேட்டிருந்தாலாவது தேவலை.

வீட்டுக்காரர் வரப்பில் நின்றார். இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். விதைக்காரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் எத்தனை நாள்?"

"பத்து. பன்னெண்டு ஆனாலும் ஆகும்."

"ஒரு செடியப் பிடுங்கிப் பாக்கலாமா?"

"இப்பப் பிடுங்கினா ஒண்ணும் தெரியாது. கடுகளவுகூட இருக்காது."

"அதுவரைக்கும் சும்மா பாத்துட்டே இருக்கணுமா?"

"முடியலைன்னா வீட்டுக்குப் போங்க."

அவர் போகவில்லை. வரப்பிலேயே குந்தி உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து அவளும் உட்கார்ந்தாள். மோட்டார் அறை ஓரத்தில் நீலப் பீப்பாய் கவிழ்த்து வைத்திருந்தது, மேலே ஒரு கல்லும் இருந்தது. கவிழ்த்து வைத்தது அவள் இல்லை.